மழையில் அடங்காத புகை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றும் கோபத்தில்தான் பஸ் ஏறினேன்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் இரத்தினபுரி டவுன் கார்னிவல் இசை நிகழ்ச்சியும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. என் வீட்டுக்காரர் கோயிலில் தப்பு மேளம் அடிக்கிறவர். நான் டவுனில் ஒரு சிங்கள இசைக்குழுவோடு பாடுகிறவள். ரப்பர் பால் வெட்டுகிற கைக்கு மைக் பிடிக்க ஆசை வந்தால் அது குற்றமா என்ன?

"இந்த வருஷம் போகாத புள்ள. டவுன்ல பேச்சே சரியில்ல. கடையில நம்மள பார்க்கிற பார்வையே வேற மாதிரி இருக்கு" என்றார்.

"நீங்க மட்டும் அடிக்கலாம், நான் பாடக் கூடாதாக்கும்?"

சண்டையில் என்னை ஜெயிக்க அவரால் முடியாது. கடைசியில் இறங்கி வந்தார். தப்பின் தோல் ஈரம் பட்டால் தொய்ந்துபோகும். எங்கள் பக்கத்து ஈரத்தைச் சொல்லவா வேண்டும்! அதனால் அடிப்பதற்கு முன்னால் சருகையும் சுள்ளியையும் போட்டு நெருப்பு மூட்டி, அதில் தப்பைக் காட்டிக் காய்ச்சுவார்கள். கோயில் மலைச் சரிவில் இருந்ததால் அந்தப் புகை டவுன் மைதானம் வரைக்கும் தெரியும்.

"வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் காய்ச்சுவேன். மேடையில நின்னு இந்தப் பக்கம் பாரு. பொகை தெரிஞ்சா நானும் பாப்பாவும் நல்லா இருக்கோம்னு நெனச்சுக்க" என்றார்.

பாப்பா எங்கள் மகள். மூன்று வயது. அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கை காட்டினாள். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே வீட்டை விட்டு இறங்கினேன்.

பஸ் கண்டக்டர் எப்போதும் "இன்னைக்கு என்ன பாட்டு?" என்று வம்புக்கு இழுப்பவர். அன்று டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மைதானத்தில் ராட்டினம் பாதிக்கு மேல் காலியாகவே சுற்றியது. நம்மவர் ஒருவரின் வளையல் கடையைப் படங்குத் துணி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆளைக் காணோம்.

எங்கள் குழுவின் தலைவர் அக்கார்டியன் வாசிப்பவர், சிங்களவர். தங்கச்சி என்ற அர்த்தத்தில் என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். அன்று மேடைக்குப் பின்னால் தனியாக அழைத்துப் போனார்.

"நங்கி, இன்னைக்கு தெமள பாட்டு வேணாம். பொட்டும் எடுங்க. நான் மைக்ல உங்க பேர் சொல்ல மாட்டேன்."

ஒவ்வொரு வருடமும் சனம் விசில் அடித்துக் கேட்பது அந்தத் தமிழ்ப் பாட்டைத்தான். நன்றாகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் அக்கார்டியன் வாரை மாட்டிக்கொண்டே மைதானத்து வாசலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தேன்.

முதல் பாட்டை ஒப்புக்குப் பாடினேன். இரண்டாவது பாட்டின் நடுவில் மலைப் பக்கம் பார்த்தேன். மெல்லிசாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது. சண்டை போட்டாலும் சொன்ன சொல் மாறாத மனுஷன்! அந்தச் சந்தோஷத்தில் குரல் தானாக மேலே போனது. சனம் கை தட்டியது. குழுத் தலைவரே நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் மழை பிடித்தது. மழை வந்தால் தப்புக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நெருப்பை அப்படியே விட்டுவிட்டு, தப்பைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடுவார்கள். சருகு நெருப்பு கொஞ்ச நேரத்தில் அவிந்துவிடும்.

இந்தப் புகை அவியவில்லை. கறுத்துத் தடித்தது. பிறகு பக்கவாட்டில், எங்கள் லயத்து வீடுகள் இருக்கிற வரிசையிலேயே நீண்டுகொண்டு போனது. தகரக் கூரைக்குக் கீழே எரிவதை மழை என்ன செய்யும்?

என் குரல் நின்றுபோனது. அக்கார்டியன் நிற்கவில்லை. அவர் என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"பாடுங்க நங்கி. நிப்பாட்டினா எல்லாரும் உங்களத்தான் பார்ப்பாங்க."

பாடினேன். என்ன பாடினேன் என்று கேட்காதீர்கள். மேடையில் நின்றால் எல்லா முகமும் தெரியும். குடைக்கு அடியில் நின்ற சனம் ஒவ்வொருவராக மலையைத் திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற சில இளைஞர்கள் மட்டும் திரும்பவில்லை. அவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை.

பாட்டு முடிந்ததும் குழுத் தலைவர் என்னை வேனில் ஏற்றி, வாத்தியங்களுக்கு நடுவில் படுக்கவைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய மனைவி என்னை உள்ளறையில் வைத்துச் சோறு போட்டார். என்னால் ஒரு வாய் இறக்க முடியவில்லை. தப்பி வந்த தோட்டத்துச் சனத்தை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, குழுத் தலைவரே என்னை அங்கே கூட்டிப்போனார்.

மண்டபத்து மூலையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் மடியில் தூங்கினாள். தப்பைக் காணோம். ஓடிப்போய் அவர் தோளில் இரண்டு அடி போட்டேன், பிறகு அழுதேன்.

"பொகை தெரிஞ்சுச்சுங்க. நீங்க நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுத்தான் பாடுனேன்" என்றேன்.

அவர் மடியில் தூங்கிய பாப்பாவைச் சரியாகத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கி தப்பே காய்ச்சல புள்ள. அதுக்கு முன்னாலயே லொறியில ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க. பாப்பாவத் தூக்கிட்டு ரப்பர் மரத்துக்குள்ள ஓடிட்டேன். மொதல்ல எரிஞ்சது நம்ம வீடுதான்."

அந்த இரண்டாவது பாட்டைப்போல நான் அதற்கு முன்பும் பாடியதில்லை, பின்பும் பாடியதில்லை. குழுத் தலைவர் பிறகு ஒருமுறை அதைச் சொல்லி என்னைப் பாராட்டினார். நல்ல மனிதர், என் உயிரைக் காப்பாற்றியவர். அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் பாடியது, என் வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு.