மீன் ஒஷாவாவில், பியர் ஸ்காபரோவில்

எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு பிறீசர் இருக்கிறது. தை மாதம் வந்தால் அதற்குள் ஒரு மின்குமிழ் எரியும். உள்ளே இருப்பது உறைந்துவிடக்கூடாது என்பதற்காக. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இன்னொரு முறை வாசித்துப் பார்க்கலாம், நான் பிழையாக எழுதவில்லை. குளிரூட்டுவதற்கென்று வாங்கிய பெட்டியை இந்த நாட்டில் சூடாக்கி வைத்திருக்கிறோம். கராஜுக்குள் இருக்கும் குளிர், பெட்டிக்குள் இருக்கவேண்டிய குளிரைவிடக் கூட. பெட்டிக்குள் இருப்பது பியர். மூடியைத் தூக்கினால் பீப்பாய்கள் இரண்டு, நடுவில் குமிழ், கோழிக்குஞ்சு பொரிக்க வைத்ததுபோல.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருகோணமலையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில்தான் முதல் வேலை. பெரிய பெரிய பாளங்களை உமியால் மூடி, சாக்கைப் போட்டு, படகு வரும்வரை காப்பாற்றவேண்டும். கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி தண்ணீராகிவிடும். குளிர் என்பது காசு கொடுத்துச் செய்யும் பொருள் என்றுதான் அப்போது எனக்குத் தெரியும். பிறகு டோஹா, அதன்பிறகு மொஸ்கோ. மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சப்பாத்துக்குள் கடதாசி வைத்து நடந்தேன். ஓர் எல்லையை மரக்கறி ஏற்றும் குளிர் லொறிக்குள் இருந்து கடந்தேன். சாரதி குளிரை நிறுத்த மறந்துவிட்டான். முட்டைக்கோவாப் பெட்டிகளைக் கிழித்து அட்டையைப் போர்த்திக்கொண்டோம். பெரிய கதையில்லை, இங்கே பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டால் அவரிடமும் இப்படி ஒன்று இருக்கும். இப்போது ஒரு பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஸ்காபரோவில் வீடு. பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருப்பதால் பிறீசரும் என் நண்பர்களும் கராஜில்தான்.

எங்கள் மகள் ஆரணி, கைல் என்ற வெள்ளைக்காரப் பெடியனை விரும்பினாள். அவனுடைய பெற்றோர் ஒஷாவாவில் இருக்கிறார்கள். தகப்பன் வெய்ன் கார்த் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். தாய் டெபி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். என் மனைவி பவானி சம்மதித்தாள், ஆனால் அரைச் சம்மதம்.

“பிள்ளைக்கு விருப்பமெண்டால் கட்டட்டும். நான் அந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டன்” என்றாள்.

ஆரணியும் தாய்க்குப் பிறந்தவள்தானே. அம்மா ஒருதரமாவது அவர்கள் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டால்தான் கலியாணத்துக்கு நாள் வைப்பேன் என்று நின்றாள். வெயில்காலம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் நாள் பார்க்கவில்லை. நான் கலண்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இலையுதிர்காலத்தில் ஒஷாவாவுக்கு விருந்துக்கு அழைத்தார்கள். பவானி தனக்கு விரதம் என்றாள். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை. ஆரணியும் நானும் போனோம். சாப்பிட்ட பிறகு வெய்ன் என்னைத் தன் பேஸ்மென்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நீளப் பிறீசர். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் பலகையால் ஒரு சட்டம். சட்டத்தில் இரண்டு குழாய். ஒன்றைத் திறந்தார், பொன்னிறத்தில் பியர் நுரைத்து இறங்கியது. அவர் தானே காய்ச்சியது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. நல்லது, மிக நல்லது என்றேன். உனக்கு இப்படி ஒன்று விருப்பமா என்றார். ஓம் என்றேன். உன்னிடம் பிறீசர் இருக்கிறதா என்றார். அதற்கும் ஓம். செய்வோமா என்றார். செய்வோம், செய்வோம் என்று தலையாட்டினேன்.

எங்கள் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள். நல்ல வீடு கட்டியிருக்கிறியள், நாங்களும் இப்படி ஒண்டு கட்டவேணும் என்போம். அதைக் கேட்டு யாரும் மறுநாள் சீமெந்தோடு வந்து நிற்பதில்லை. வெய்ன் வந்து நின்றார். இரண்டு சனிக்கிழமை கழித்து அவருடைய பிக்கப் எங்கள் வாசலில் ஏறியது. பின்னால் பலகைச் சட்டம், அளவை ஆரணியிடம் கேட்டு அறுத்து, தேய்த்து, நிறமும் பூசியிருந்தார். அதோடு பீப்பாய்கள், காஸ் சிலிண்டர், குழாய்கள். ஆரணி வேலைக்குப் போயிருந்தாள். அளவு எதற்கென்று அவளுக்கும் சொல்லவில்லையாம், அப்பாவுக்கு ஓர் ஆச்சரியம் என்றாராம்.

கராஜுக்கு வந்து பிறீசர் மூடியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பாரை, விளைமீன், நண்டு, இறால், துருவிய தேங்காய், முருங்கையிலை, ஆட்டுக்கால். பவானியின் குளிர்கால இருப்பு முழுவதும் விளிம்புவரை இருந்தது. பவானி வீட்டுக்கதவடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெய்ன் ஒரு பாரையைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. தன் வீட்டில் இரண்டாவது பிறீசர் ஒன்று இருக்கிறது, இதையெல்லாம் அங்கே கொண்டுபோகிறேன், டெபி அடுக்கி வைப்பாள் என்றார். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. திருப்பித் தருவேன் என்று அவர் சொல்லவில்லை. அது அவருக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். எங்களுக்கோ, சம்பந்தி வீட்டு வாகனத்தில் ஏறிய சாமான் சம்பந்தியின் சாமான். அதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் இல்லை. மீனை எடுத்துப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன், பவானியும் நினைத்தாள்.

“என்னவாம்?” என்றாள்.

“மீனைத் தங்கட வீட்டை கொண்டுபோகட்டாம்.”

அவள் உள்ளே போய்க் கூல் பொக்ஸ் இரண்டும் வெறும் பைகளும் கொண்டுவந்தாள்.

“கொண்டுபோகட்டும். இல்லையெண்டு சொன்னால் எங்களைப் பஞ்சப்பட்டதுகள் எண்டெல்லோ நினைப்பினம். நண்டையும் வையுங்கோ.”

இந்தப் பெண் கொடுக்கத் தொடங்கினால் அரைகுறையாகக் கொடுக்கமாட்டாள். கறிவேப்பிலைப் பைகூட மிஞ்சவில்லை.

அன்று பின்னேரம் வரை வேலை நடந்தது. பெட்டியின் சுவரில் துளை போடக்கூடாது, குளிர்க்குழாய் உள்ளேதான் ஓடுகிறது, அதற்காகத்தான் இந்தப் பலகைச் சட்டம் என்று வெய்ன் காட்டினார். மூடியைக் கழற்றி, சட்டத்தை விளிம்பில் ஒட்டி, அதற்குமேல் மூடியைப் பூட்டினோம். பிறீசர் அளவுக்கு மேல் குளிராமல் நிறுத்த ஒரு சிறிய பெட்டி, குளிர்காலத்துக்கு அந்தக் குமிழ். இதை பேஸ்மென்றில் வைத்தால் குமிழே தேவையில்லையே, ஏன் கராஜில் என்று கேட்டார். கீழே வாடகைக்கு ஆட்கள், அதோடு எங்கள் ஆம்பிளைகள் கராஜில்தான் குடிப்பார்கள் என்றேன். பொலிஸ் பிரச்சினையா என்றார். இல்லை, பெண்சாதி என்றேன். அதை அவர் மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிக்கொண்டார்.

அடுத்த கிழமைகளில் எங்கள் வீட்டில் மீனுக்குச் செத்த வீடு, ஒப்பாரியோடு நடந்தது. தமக்கைக்கு, சித்திக்கு, கடையில் சந்தித்தவர்களுக்கு எல்லாம் பவானி ஒரே கதைதான்: முதன்முதல் வீட்டுக்கு வந்த சம்பந்தி மீன் முழுக்க அள்ளிக்கொண்டு போய்விட்டார். கராஜுக்கு என் பழைய கூட்டாளி சிவம் அண்ணை வந்தார். ஒரு கிளாஸ் குடித்தார், இன்னொரு கிளாஸ் குடித்தார்.

“சீதனமாக் காசு குடுத்தவனைக் கண்டிருக்கிறன், காணி குடுத்தவனையும் கண்டிருக்கிறன். பாரை மீன் குடுத்தவன் நீ ஒருத்தன்தான்ரா” என்றார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெபி ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தார். உங்கள் அம்மா இவ்வளவு நாளாக என்னதான் சமைக்கிறா, மீன் எடுக்க ஒருவரும் வரவில்லையே என்று கேட்டாராம். ஆரணி எங்களிடம் வந்து இதைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

“அம்மா, they're just keeping it for you. ஒரு பார்சல்கூட அவை உடைக்கேல்லை.”

பவானி சிரிக்கவில்லை. அவள் யார் யாருக்கெல்லாம் என்னென்ன சொன்னாள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். பிறகு, “மாட்டிறைச்சியோடையோ வைச்சிருக்கினம்?” என்றாள். தெரியாது என்றோம். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாசல் மிதிக்கமாட்டேன் என்ற கதையை அவளும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

ஒஷாவாவில் டெபி எங்களை நேரே கீழே கூட்டிப்போனார். பிறீசரைத் திறந்தார். எங்கள் சாமான்கள் மட்டும்தான் இருந்தன, பாரை ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம், முருங்கையிலை நசுங்காமல் மேலே. அவர்களுடைய இறைச்சி எங்கே என்று பவானி என்னைக் கேட்டாள், நான் வெய்னைக் கேட்டேன். அவர் பின்கதவைத் திறந்து காட்டினார். வெளித்தளத்தில், பனிக்குள், பூட்டுப் போட்ட பெரிய பெட்டி ஒன்று. மான் இறைச்சியும் மாட்டிறைச்சியும் அதற்குள். மாடு உங்களுக்கு ஆகாது என்று கைல் சொன்னானாம். பூட்டு, ரக்கூன் என்ற பிராணிகள் திறந்துவிடாமல் இருக்க.

பவானி அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன்மேல் பனி ஒரு முழம் ஏறியிருந்தது. பிறகு என்னிடம் மெதுவாக, “உவையிட்டைச் சட்டி இருக்கோ எண்டு கேளுங்கோ” என்றாள்.

அன்று அந்த வீட்டில் பாரைக் குழம்பு கொதித்தது. மிளகாய்த்தூளும் புளியும் பவானியின் கைப்பையில் இருந்தே வந்தன, எப்போது எடுத்து வைத்தாள் என்று நான் காணவில்லை. புகை எச்சரிக்கை மணி அடிக்க, வெய்ன் துவாயால் விசிறி அடக்கினார். டெபிக்குக் கண்ணீர் ஓடியது, ஆனாலும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைக்கவில்லை. பவானி மேசையில் இருந்து சாப்பிட்டாள். ஆரணி தன் தொலைபேசியில் கலண்டரைத் திறந்து நடுவில் வைத்தாள். ஆவணி என்று முடிவாயிற்று.

கிறிஸ்மஸ் மறுநாள் பொக்ஸிங் டேக்கு மலிவு விற்பனை வந்தபோது, மீனுக்குப் புதிதாகச் சின்னப் பிறீசர் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று ஆரணி கேட்டாள்.

“என்னத்துக்கு? அங்கை இடம் கிடக்குத்தானே” என்றாள் பவானி.

இப்போது சனிக்கிழமைகளில் குழம்பு வைக்கவேண்டுமென்றால் 401 பெருந்தெருவில் கிழக்கே போகிறோம். பின் இருக்கையில் கூல் பொக்ஸ், அது சரியாமல் இருக்க பெல்ற் போட்டிருக்கும். அதே சனிக்கிழமைகளில்தான் வெய்ன் புதிதாகக் காய்ச்சிய பீப்பாயைக் கொண்டுவந்து மாற்றுவார். எங்கள் கராஜ் கதவைத் திறக்கும் இலக்கம் அவருக்குத் தெரியும், அவர்கள் பின்கதவுத் திறப்பு பவானியின் சாவிக் கோர்வையில் கிடக்கிறது. போன கிழமை பிக்கரிங் தாண்டும்போது, எதிர்ப் பக்கத்தில் அவருடைய பிக்கப் மேற்கே போனதைக் கண்டேன். பின்னால் பீப்பாய் கட்டியிருந்தது. நான் கார் விளக்கை மினுக்கிக் காட்டினேன், அவர் காணவில்லை. அவர் எங்கள் ஆளில்லாத வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், நாங்கள் அவருடைய வீட்டுக்கு.