ஆறாவது ஒயர்

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்வதானால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைகிற மாதிரி சொல்லியிருப்பேன். அன்று மாலை என் விரலில் சுற்றியிருந்த ஒரு ஒயரின் முனையை பேட்டரியில் வைத்திருந்தால், இப்போது பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கும் என் கணவர் இருந்திருக்க மாட்டார்.

வீட்டில் பல்பு மாற்றவே ஆள் கூப்பிடுகிறவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு படகு வாங்கினார். யாரோ ஓட்டிய பழைய மோட்டார் படகு. நடுவில் இரண்டு இருக்கை, பின்னால் ஒரு பெஞ்சு, முன்மூக்கில் ஒரு ஆள் இடுப்புவரை மட்டும் நுழைகிற ஒரு பொந்து. உள்ளும் புறமும் புது வெள்ளைப் பெயிண்ட். தன் கணவர் தவறிவிட்டார், இனி யார் ஓட்டப்போகிறார்கள் என்று சொல்லி ஒரு பெண்மணி வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். “உனக்குச் சக்களத்தி வந்துட்டா” என்று என் தங்கை கேலி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதாகத் திட்டம். சனிக்கிழமை போய்ச் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. திடீரென்று எல்லாம் எரியும். அடுத்த நிமிடம் செத்துப்போகும்.

படகுத்துறை மெக்கானிக்கை எல்லோரும் ‘வோல்ட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அன்று ஊரில் இல்லை. போனிலேயே வைத்தியம் பார்த்தார். மின்சாரம் அளக்கும் மீட்டரை பேட்டரியில் வைக்கச் சொன்னார். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. அப்படியானால் பேட்டரியில் குறை இல்லை, ஒயரில்தான் கோளாறு என்றார். ஃபியூஸைப் பார்த்தோம், முனைகளில் ஏறியிருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினோம். ஒன்றும் பலிக்கவில்லை. யாரோ ஒரே சுருள் கறுப்பு ஒயரை வாங்கி மொத்தப் படகுக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள். எது விளக்குக்கு, எது ஹாரனுக்கு என்று இழுத்தவனுக்கே தெரியாது.

அதற்கும் வோல்ட்டு ஒரு வழி சொன்னார். ஒருவர் பொந்துக்குள் படுத்து, ஒவ்வொரு ஒயராகப் பிடித்து இழுக்க வேண்டும். பின்னால் இருப்பவர் கையில் எது அசைகிறதோ, அதுதான் அந்த ஒயரின் மறுமுனை. இரண்டு இழுப்பு வந்தால் முனையை பேட்டரியில் வைக்க வேண்டும். ஒரு இழுப்பு வந்தால் எடுத்துவிட வேண்டும்.

“பெட்ரோல் டேங்க் அந்தப் பொந்துலதான் இருக்கு. படகோட மூடியெல்லாம் திறந்து போட்டு, காத்தோட்டமா வேலை பாருங்க. வாடை வந்தா எதையும் தொடாதீங்க” என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் போனை வைத்தார்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். நான் பின்பெஞ்சில். முழங்காலுக்கு முன்னால் பேட்டரி. கையில் ஆறு கறுப்பு ஒயர்கள். பொந்து வாசலில் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு வரும். வைப்பேன். எது எரிந்தது என்று உள்ளிருந்து கத்துவார். நான் அந்த ஒயரில் சீட்டு ஒட்டுவேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன பேச்சை நான் கேட்டது இன்றுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

ஐந்து ஒயர்கள் முடிந்தன. ஆறாவது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாக மூடிகளைச் சாத்தி, தார்ப்பாயை இழுத்துவிட்டோம். படகுக்குள் இருட்டிவிட்டது. டார்ச் எடுத்து வருகிறேன் என்று அவர் காருக்குப் போனார். மணி ஆறேகால்.

டப்... டப்... டப்... தார்ப்பாயில் மழை.

நான் ஆறாவது ஒயரை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தேன்.

அது அசைந்தது.

ஒன்று... இரண்டு.

வந்துவிட்டார் போல என்று முனையை பேட்டரி அருகே கொண்டும் போய்விட்டேன். ஏனோ நிமிர்ந்து பார்த்தேன். பொந்து வாசலில் கால்கள் இல்லை. தார்ப்பாய் இடுக்கு வழியாகத் தூரத்தில் கார் தெரிந்தது. டிக்கியைத் திறந்து அவர் குனிந்திருந்தார்.

திரும்பி வந்ததும் சொன்னேன். படகு ஆடினால் ஒயரும் ஆடும் என்று சிரித்தார். வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன். ஒரே ஒரு ஒயருக்காகப் பிள்ளைகளை ஏமாற்றுவதா என்றார். ஒரு வாரமாக அவருக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொந்துக்குள் ஊர்ந்தார்.

கால்கள் மட்டும் தெரிந்தன.

ஒயர் அசைந்தது.

ஒன்று... இரண்டு.

அவர் இழுப்பதைப் போல வெடுக்கென்று இல்லை. தூங்குகிறவரைத் தொட்டு எழுப்புவதுபோல... மெதுவாக.

“என்னங்க... நீங்களா இழுக்கிறீங்க?”

“இரும்மா. இன்னும் ஒயரையே பிடிக்கல.”

அவர் கால்கள் அசையவே இல்லை.

ஒன்று... இரண்டு.

இப்போது பலமாக.

விரலில் சுற்றியிருந்த ஒயர் இறுகியது. கை தானாக முன்னால் போனது. பேட்டரிக்கு ஒரு சாண் தூரம்...

அரைச் சாண்...

அப்போதுதான் அந்த வாடை.

பெட்ரோல்.

விரலை உருவினேன். தோல் கிழிந்தது.

சர்ர்ர்... ஒயர் முன்பக்கம் ஓடி மறைந்தது.

அவர் இரண்டு கால்களையும் பிடித்து, என்னிடம் இருந்த பலமெல்லாம் சேர்த்து இழுத்தேன். சட்டைக் கை முழங்கை வரை பெட்ரோலில் நனைந்திருந்தது. மூக்கு அடைத்திருந்ததால் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மழைத்தண்ணீர் என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் வோல்ட்டு வந்தார். டேங்க் குழாய் கழன்றிருந்ததாம். ஆறாவது ஒயரின் மறுமுனையைத் தேடிப் பிடித்தார். டேங்கின் இரும்புக் கழுத்தில் அது இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. நான் இந்த முனையை வைத்திருந்தால் அங்கே பொறி பறந்திருக்கும். படகு முழுக்கச் செம்பு பச்சை பிடித்துக் கிடக்க, அந்த முனை மட்டும் இப்போதுதான் சீவியதுபோல் பளபளத்தது. நீங்கள் சுற்றினீர்களா என்று என் கணவரிடம் கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார். வோல்ட்டு பொந்துச் சுவரின் வெள்ளைப் பெயிண்டைக் கத்தியால் சுரண்டினார்.

உள்ளே கரி.

படகை விற்ற பெண்மணிக்கு அன்றே போன் செய்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. ஒயரிங் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒரு ஒயர் மட்டும் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றேன்.

 

“இழுத்துச்சா?” என்றார்.

“இழுத்துச்சு” என்றேன்.

“நீங்க வைக்கலையே?”

“இல்லை.”

“நான் வச்சுட்டேன்மா” என்றார்.