எங்கட வீட்டு வோட்டு

காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அயர்லாந்துக்காரரிடம் "நாளைக்கே தேர்தல் வந்தால் உங்கள் முதல் வாக்கு யாருக்கு?" என்று கேட்பதுதான் ஒன்பது வருடமாக என் பிழைப்பு. வீடு கடலுக்கு இந்தப் பக்கம், செவன் கிங்ஸில். கருத்துக்கணிப்பு அலுவலகம் இல்ஃபோர்டில், ஒரு கட்டில் மெத்தைக் கடைக்கு மேலே. கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் யார் யார் கவுன்சிலுக்கு நிற்கிறார்கள் என்று எனக்கு அத்துபடி. என் தெருவின் கவுன்சிலர் யாரென்று கேட்டால் முழிப்பேன். ஒரு நாளைக்கு நூறு பேர் போனைப் பட்டென்று வைப்பார்கள், பத்துப் பேர் மழையைப் பற்றிக் கதைப்பார்கள், ஐந்து பேர் பதில் சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, மழையைப் பற்றிக் கதைப்பவர்கள் நல்ல சனம்.

அந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. போனில் பேசுகிற ஆளின் பதிலை மட்டும்தான் பதியலாம். "என் மனைவியும் அவருக்குத்தான் போடுவாள்" என்று புருஷன் சத்தியம் பண்ணினாலும் அதைத் தொடக்கூடாது. மனைவியின் பதில் வேண்டுமென்றால் மனைவியைத்தான் கேட்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

என் தங்கை அயர்லாந்தில் ஒரு சிறிய ஊரில் பதினெட்டு வருடமாக நர்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போகிற வீதியில் நடைபாதை போட்டுத்தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டுக் களைத்து, கடைசியில் போன தேர்தலில் தானே சுயேச்சையாக நின்றுவிட்டாள். வருட லீவு முழுவதையும் அதில் கரைத்தாள். ஏணியில் ஏறித் தன் படத்தைத் தானே விளக்குக் கம்பங்களில் கட்டினாள். அவளுக்கு அந்த ஆசனம் எவ்வளவு வேணுமென்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து எதையும் வாய்விட்டுக் கேட்காதவள் முதல்முறையாக ஒன்றைக் கேட்டாள்.

"அக்கா, உங்கட வேலையை எனக்கும் ஒருக்காச் செய்து தாங்கோ. இஞ்ச எங்கட தமிழ் ஆக்களின்ர வீடு முப்பத்தொண்டு இருக்கு. அவை எல்லாரும் எனக்குத்தான் எண்டு உறுதியாத் தெரிஞ்சா, கடைசிக் கிழமை அந்தப் பக்கம் போகாமல் மற்ற வீடுகளுக்குப் போவன்."

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம். குடியுரிமை இல்லாவிட்டாலும், வசிக்கிற ஊரின் கவுன்சில் தேர்தலில் பதினெட்டு வயதான எல்லோருக்கும் வாக்கு உண்டு. ஆகவே அந்த முப்பத்தொரு வீடும் பெறுமதியானவை.

ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தேன். கிழமை முழுக்க அந்நியருக்குப் போன் எடுத்துச் செத்த எனக்கு, லீவு நாளிலும் அதே வேலை. எந்த வீட்டிலும் பெண் எடுத்தால் "பொறுங்கோ அக்கா, இவரிட்டைக் குடுக்கிறன்" என்பாள். அவர் வருவார். "இதென்ன கேள்வி அக்கா? எங்கட வீட்டு வோட்டு நாலும் தங்கச்சிக்குத்தான்!" நான் நாலு என்று எழுதுவேன்; இரண்டு என்றால் இரண்டு. முதல் இரண்டு வீட்டில் "மனிசியிட்ட ஒருக்காக் குடுங்கோ தம்பி" என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவருடைய பேச்சை நான் நம்பவில்லை என்றாகிவிடுமே! வெள்ளைக்காரரிடம் கூசாமல் கேட்கிறவள், எங்கட ஆளிடம் கூசிப்போனேன். அலுப்பும்தான். முப்பத்தொரு வீடு, எண்பத்துநாலு வாக்கு. கேட்டதும் தங்கை போனிலேயே அழுதாள். கடைசிக் கிழமை அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வாக்கு எண்ணுவது அங்கே இரண்டு நாள் இழுபடும். விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போடுகிற முறை. ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக நிற்பவரை வெளியேற்றி, அவருடைய வாக்குகளை அடுத்த இலக்கக்காரருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆறாவது சுற்றில் தங்கைதான் கடைசி.

"பதினொரு வோட்டு அக்கா," என்றாள். "பதினொண்டு கூட இருந்திருந்தா நான் வெளிய போயிருக்க மாட்டன். பெட்டி திறக்கேக்க நாங்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிண்டு, ஒவ்வொரு தாளாப் பாத்துக் குறிச்சனாங்கள். எங்கட சனம் போடுற பள்ளிக்கூடத்துப் பெட்டியில எனக்கு நாப்பதும் வரேல்லை. நீங்கள் சரியாத்தான் கேட்டிருப்பீங்கள். சனம்தான் பொய் சொல்லிப்போட்டுது."

"ஓம்," என்றேன். வெட்கமில்லாமல் ஓம் என்றேன்.

மனம் கேட்கவில்லை. அடுத்த நாள், நாலு வோட்டு என்று எழுதிய வீடுகளில் ஒன்றுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள்.

"பொறுங்கோ அக்கா, இவரிட்டை…"

"வேண்டாம் பிள்ளை. உம்மோடதான் கதைக்கோணும். நீர் தங்கச்சிக்குப் போட்டனீரோ?"

"நான் போகேல்லை அக்கா. இவர் மட்டும் போய்ப் போட்டவர். பிள்ளையள் ரெண்டும் போகேல்லை."

"ஏன் பிள்ளை, அவளில கோவமோ?"

"ஐயோ, இல்லை! அவ நல்ல மனிசி. என்னட்டை ஆரும் கேக்கேல்லைத்தானே. அண்டைக்கு நீங்கள் எடுக்கேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான். இவர் நாலு எண்டு சொல்லேக்க, என்னட்டையும் ஒரு சொல்லுக் கேப்பீங்கள் எண்டு கோப்பை துடைச்ச துவாயும் கையுமா நிண்டனான். நீங்கள் வைச்சிட்டியள்."

"கேட்டிருந்தா?"

"ஓமெண்டிருப்பன். ஓமெண்டா ஒரு நடை போகத்தானே வேணும்."

இதைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை. மாதங்கள் போயின. வேலையில் வழக்கம்போல விதியைச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போதெல்லாம் வாய் கசந்தது.

போன கிழமை தங்கை போன் எடுத்தாள். அந்த நடைபாதை இன்னும் இல்லை, அடுத்தமுறையும் நிற்கப்போகிறாளாம். "அக்கா, திருப்பியும் அந்த லிஸ்டை எடுத்துத் தருவீங்களோ?"

"எடுப்பன். ஆனா இந்தமுறை வீடு வீடா இல்லை, ஆளாளாக் கேப்பன்," என்றேன்.

"அப்ப போனமுறை?"

சொன்னேன், ஒன்றும் விடாமல். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முப்பத்தொரு வீட்டிலயும் ஒரு பொம்பிளையையும் கேக்கேல்லையோ அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.