டீச்சருக்கு ஒரு கதவு

அவருக்கு அரையிஞ்சுக்காரர் என்று பெயர் வைத்தது பஸ் பாடி கட்டும் பட்டறை. முப்பத்தோரு வருஷம் அங்கே தகரம் தட்டினார். யார் எந்த வேலையை முடித்துக் காட்டினாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "இன்னும் அரை இஞ்ச்" என்பார். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் போட்டோக்காரரிடம், "இன்னும் அரை இஞ்ச் பின்னால போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சிரித்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் ஓரத்தில் நின்ற ஆளுக்கு ஒரு காது இல்லை. அரை இஞ்ச் போதவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், ஒரு நாற்சந்தியில், அவர் ஓட்டிக்கொண்டு போன ஸ்டேஷன் வேகனின் பக்கவாட்டில் ஒரு லாரி வந்து மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு முழங்கால் நொறுங்கியது. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால் பிழைத்தது, மடங்குவதை மட்டும் விட்டுவிட்டது.

அந்த அம்மாள் நாலாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரரும் அப்படித்தான். டீச்சர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நன்றாகவே நடந்தார். ஆனால் நீட்டிய காலை நீட்டியபடி வைத்துக்கொண்டு எந்த வாடகைக் காரில் ஏறுவது? பள்ளிக்கூடத்தில் மாடியில் இருந்த அவருடைய வகுப்பைக் கீழே மாற்றித் தயாராக வைத்திருந்தார்கள். விடுமுறை முடிந்து திறக்கிற அன்று வந்துவிட வேண்டும், அதற்குமேல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, தன்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வண்டி என்று பேச்செடுத்தாலே முகம் மாறிவிடும். ஸ்டியரிங் தன் கையில் இருந்தபோது இப்படி ஆகிவிட்டதே, இனிமேல் தன் பக்கத்தில் உட்காரவே அவளுக்குப் பயம் என்று அரையிஞ்சுக்காரர் முடிவுகட்டிக்கொண்டார். அவளை அதே வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட வேண்டும். அதற்கு முன்னால் தனக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது. வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது வேறு விஷயம்.

டீச்சரின் தம்பி வந்து, கொல்லையில் கிடந்த வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். லாரியின் பம்பர் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் இருக்கும் தூணைத் தேடிப் பிடித்து மோதியிருந்தது. தூண் உள்ளே மடங்கி, கூரை சுருங்கி, தரை மேலே எழும்பி நின்றது.

"மாமா, இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும். அதுவும் கடைக்காரன் யோசிச்சுத்தான் பழம் குடுப்பான்."

"உன் மண்டையை அடகு வச்சா எவ்வளவு பழம் தருவான்னு கேட்டுட்டு வா" என்றார் அவர். மச்சினன் காபியைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

கொல்லைச் சுவரோரம் ஒரு தண்டவாளத் துண்டை இடுப்பளவு ஆழத்துக்குப் புதைத்துக் கான்கிரீட் போட்டார். அதிலிருந்து சங்கிலி கட்டி, உள்ளே போன தகரத்தை வெளியே இழுத்தார். இந்த வேலையில் ஆத்திரம் ஆகாது. ஒரே மூச்சில் இழுத்தால் தகரம் கிழிந்துவிடும். கொஞ்சம் இழுக்க வேண்டும், சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டித் தளர்த்த வேண்டும், மறுபடியும் கொஞ்சம் இழுக்க வேண்டும். அடிபடாத பக்கத்தின் கதவு வாயை மூலைக்கு மூலை அளந்து வைத்துக்கொண்டு, அடிபட்ட பக்கம் அந்த அளவுக்கு வருகிறதா என்று தினமும் டேப்பை வைத்துப் பார்ப்பார்.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டறையில் யாருடைய டேப்புக்கும் முதல் இஞ்ச் இருக்காது. நுனிக் கொக்கி தேய்ந்து ஆட ஆரம்பித்ததும் அதை நம்ப முடியாது என்று வெட்டி எறிந்துவிடுவார்கள். ஒன்று என்ற கோட்டில் வைத்து அளந்து, வருவதில் ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள். அரையிஞ்சுக்காரருக்குக் கண் கூர்மை, கழித்தல்தான் சமயத்தில் மறந்துபோகும். கல்யாணமான புதிதில் சமையலறைக்கு அடித்த அலமாரி ஒரு இஞ்ச் நீண்டு, சுவருக்குள் போகமாட்டேன் என்று நின்றது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஏற்பாடு. அவர் டேப்பில் உள்ளதை உள்ளபடி கத்துவார். டீச்சர் ஒன்றைக் கழித்து நோட்டில் எழுதுவார். முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஒரு பலகைகூடத் தப்பியதில்லை.

டீச்சர் படுத்த பிறகு கொல்லையில் அவர் தனி ஆள். தானே அளந்து, தானே கழித்து, தானே சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் தடுமாறினார், பிறகு பழகிவிட்டது.

தகரம் ஒருவழியாக நேருக்கு வந்ததும், நொறுங்கிய தூணை வெட்டி எடுத்தார். அங்கே புதுத் தூண் நிறுத்த வேண்டும். வெட்டிய இடத்தில் இருந்த பெரிய இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பழைய இடத்திலேயேதான் தூண் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? அதைப் பின்னால் தள்ளி நிறுத்தினால் முன்கதவு அகலமாகும். கதவு அகலமானால் நீட்டிய கால் நீட்டியபடியே உள்ளே போகும். ஸ்டேஷன் வேகன் நீளமான வண்டி, பின்னால் இடத்துக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸுக்கே பக்கம் கட்டிய கைக்கு இது ஒரு பெரிய காரியமா என்று உற்சாகம் பிறந்துவிட்டது.

எவ்வளவு தள்ளுவது என்பதற்கு டீச்சரின் கால் அளவு வேண்டும். கட்டிலில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார வைத்தார். டீச்சர் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்கவுமில்லை. ஆனாலும் பழக்கதோஷம், நோட்டையும் பென்சிலையும் கையில் எடுத்துக்கொண்டார். சுவரிலிருந்து செருப்புப் போட்ட குதிகால்வரை அவர் அளந்தார்.

"நாப்பது" என்றார். டீச்சர் எழுதிக்கொடுத்த தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

பழைய இரும்புக் கடையில் ஒரு நீலக் கதவு கிடைத்தது. அதில் ஒரு பாதியையும் தன் வண்டியின் வெள்ளைக் கதவையும் சேர்த்து ஒரே நீளக் கதவாகப் பற்றவைத்தார். அதே கடையில் சலூன் நாற்காலியின் சுழலும் அடிப்பாகம் ஒன்று கிடந்தது. சீட்டின் முதுகு புதுத் தூணை ஒட்டி நிற்கிற மாதிரி அதை முன்சீட்டுக்குக் கீழே பொருத்தினார். சீட்டை வாசல் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டு, அப்படியே உள்ளே சுழன்றுவிடலாம். தாளில் இருந்த அளவுக்கு மேல் தாராளமாக அரை இஞ்ச் விட்டுத் தூணை நிறுத்தினார். வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி அந்தத் தூணைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், அது அசையவில்லை. பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தாகிவிட்டது. மச்சினன் மறுபடி வந்தான்.

"இதென்ன மாமா, கதவா, கடை ஷட்டரா?" என்றான். ஆனால் இந்தத் தடவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தான்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பாரு டீச்சர். பிடிக்கலைன்னா இறங்கிடு" என்று கெஞ்சினார். டீச்சர் ஊன்றுகோலை எடுத்தார்.

சீட்டில் உட்கார்ந்தது நன்றாகவே நடந்தது. முதுகைச் சாய்த்தார். அவர் சீட்டை மெல்ல உள்ளே சுழற்றினார். பாதி சுழன்றதும் குதிகால் கதவுக்கு முன்னால் இருக்கும் தூணில் போய் இடித்து நின்றுவிட்டது. பாதி உடம்பு வண்டிக்குள்ளே, கால் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டு, டீச்சர் அப்படியே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு இடிக்கிறது என்று அரையிஞ்சுக்காரர் குனிந்து பார்த்தார். சரியாக அரை இஞ்ச். அவருக்குக் காது இரண்டும் சுட்டது.

டீச்சரை இறக்கி உள்ளே கட்டிலில் உட்கார வைத்து மறுபடியும் அளந்தார். டேப்பில் நாற்பத்தொன்று. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். முப்பத்தொன்பது.

"நாப்பதுன்னுதானே சொன்னேன்?"

"நீங்க நாப்பதுன்னா நான் முப்பத்தொம்பதுதானே எழுதணும்? எப்பவும் அப்படித்தானே?"

"நான்தான் கழிச்சுட்டேனே!"

"நீங்க எப்ப இருந்து கழிக்க ஆரம்பிச்சீங்க?"

அவர் டேப்பைச் சுருட்டினார். "நீ படுத்ததிலிருந்து" என்றார்.

டீச்சர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் அழுதார். எட்டு மாதத்தில் அவர் எதிரில் டீச்சர் அழுதது அதுதான் முதல் தடவை.

"எனக்கு இந்த வண்டி வேணாங்க. நான் முன்னால உட்காரவே மாட்டேன். அன்னைக்கு நான்தானே எட்டிப் பார்த்து, 'வண்டி இல்ல, போங்க'ன்னு சொன்னேன்? நான் சொல்லித்தானே போனீங்க? லாரி வந்தது என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. என் காலு போனதுக்கு, எனக்கு இந்தத் தண்டனை வேணும்னு விட்டுட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"நீ சொன்னது என் காதுல விழவே இல்ல டீச்சர். லாரி வர்றதை நான் பார்த்தேன். நின்னுடுவான்னு நெனச்சு, நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டரை அழுத்திட்டேன்."

டீச்சர் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார். "பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஆஸ்பத்திரியிலேயே சொல்லணும்னு இருந்தேன். உன்னை அந்தக் கட்டோட பார்த்ததும் வாய் வரல. அப்புறம் நாள் ஆக ஆக…"

"ஒரு வார்த்தை என்னைக் குத்திக்காட்டாம இருக்காரேன்னு, உங்க பெருந்தன்மையை நெனச்சு நெனச்சு எட்டு மாசம் தலகாணியை நனைச்சிருக்கேன். தெரியுமா உங்களுக்கு?"

டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. சோறு வந்தது, தண்ணீர் வந்தது, வார்த்தை வரவில்லை. அரையிஞ்சுக்காரருக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் வேலைதான். தூணை மறுபடியும் வெட்டி ஒரு இஞ்ச் பின்னால் நிறுத்துவது என்று தீர்மானித்தார். தூணை நகர்த்தினால் கதவும் நீள வேண்டும், பெயிண்ட் மறுபடியும் அடிக்க வேண்டும், அதிகாரியை மறுபடியும் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடியவே முடியாது. அது தெரிந்தும் சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார்.

கொல்லை வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"சீட்டு முதுகுல எத்தனை இஞ்ச் பஞ்சு வச்சிருக்கீங்க?"

அவர் திரும்பினார். "மூணு."

"அப்ப அதுல ஒண்ணைக் குறைச்சா நான் ஒரு இஞ்ச் பின்னால போக மாட்டேனா? இரும்பை வெட்டறதுக்கு முன்னாடி பஞ்சை வெட்டத் தோணாதா உங்களுக்கு? முப்பத்தோரு வருஷம் என்னதான் வேலை பார்த்தீங்களோ!"

மெஷினைக் கீழே வைத்தார். சீட்டு உறையைப் பிரித்து, பஞ்சை ஒரு இஞ்ச் சீவி, உறையைத் தைத்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே டீச்சர் சீட்டில் சாய்ந்தார். அவர் சுழற்றினார். குதிகால் தூணைத் தாண்டி உள்ளே போனது. கதவு ஒரே தள்ளில் சாத்திக்கொண்டது. டீச்சரின் கை மட்டும் சீட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ம், எடுங்க."

தெருக்கோடியில் சந்திப்பு வந்தது. அவர் வண்டியை முழுதாக நிறுத்தினார், இரண்டு பக்கமும் இரண்டு முறை பார்த்தார், அதன்பிறகும் நின்றார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"இப்ப பாருங்க, நல்லாப் பாருங்க! அன்னைக்கு எங்க போச்சு இந்தப் பார்வை?" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

ஆரம்பித்ததுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. லாரியில் தொடங்கி, எட்டு மாத மௌனத்துக்கு வந்து, அங்கிருந்து பின்னோக்கிப் போய்ச் சமையலறை அலமாரிவரை இழுத்துவந்து கிழித்தார். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "திறக்கிற அன்னைக்கு எட்டரைக்கு நான் ஸ்கூல்ல இருக்கணும். எட்டு முப்பத்தொண்ணு ஆச்சு, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்றார். அதைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பிடித்துக்கொண்டார். சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த கை இப்போது அவர் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தது.

எட்டு மாதமாக அவர் காது இந்தக் குரலுக்குத்தான் ஏங்கிக் கிடந்தது. வாயைத் திறக்காமல் ஓட்டினார். வீடு வந்தது. திட்டு இன்னும் முடியவில்லை. அரையிஞ்சுக்காரர் வண்டியை நிறுத்தாமல் இன்னொரு சுற்று போனார்.