வான் கூரையில் என் சைக்கிள்

வான் வண்டியிலேயே படுத்தெழும்பி ஊர் சுற்றப் போகிறவர்கள் கூடவே ஒரு சின்ன வாகனத்தையும் கொண்டு போகவேண்டும். ஓரிடத்தில் வானை நிறுத்திப் பாயை விரித்து அடுப்பையும் இறக்கிவிட்டால், பிறகு கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்குவதற்காக வானைக் கிளப்பிக்கொண்டு போக முடியாது. ஆகவே எந்தச் சின்ன வாகனம் என்று யோசித்துத் தெரிந்தெடுக்க வேண்டும். இந்த ஞானமெல்லாம் எனக்கு எண்பத்து நான்காம் ஆண்டு சித்திரை லீவில் வந்தது. வந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

முந்தின வருட ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்து, அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் உடுத்த உடுப்போடு எங்கள் ஊர் மடத்துவெளிக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்று ஐயாவுக்கும் அம்மாவுக்கும், மற்றது எனக்கு. என் அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் விறாந்தையில் பாயைப் போட்டுக்கொண்டேன். அதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. கேட்டார்கள், கொடுத்தேன். அத்தான் சில மாதத்தில் ஒரு பழைய வானை எடுத்து ஹயருக்கு ஓடத் தொடங்கினார். ஆனாலும் ஒரு குசினிக்குள் அம்மாவும் அக்காவும் எத்தனை நாளைக்கு? சட்டி பானை எல்லாம் சத்தம் போடத் தொடங்கியிருந்தன.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மூன்று கட்டைத் தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாகத் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளம் இல்லை. என்றோ ஒரு நாள் நியமனம் வரும் என்ற ஆசையில் சும்மா படிப்பிப்பது. என்னோடு படித்தவள்கள் எல்லாம் சம்பளம் எடுக்க, நான் அம்மாவிடம் சீப்பு வாங்கக் காசு கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூட அதிபர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அவர் ஐயாவிடம் படித்தவர். தன்னுடைய பள்ளியில் ஒரு ரீச்சர் போய்விட்டா, அடுத்த தவணையிலிருந்து சம்பளத்தோடு ஓரிடம் இருக்கிறது, தங்க ஒரு குவாட்டர்ஸும் உண்டு, மாஸ்ரரின் சின்ன மகளை லீவு முடிய முன்னம் ஒருக்கால் வந்து முகம் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று. கடல் கடந்து நெடுந்தீவுக்குப் போய் இருக்க எவரும் விரும்புவதில்லை. எனக்கோ சொர்க்கத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. என் கையில் ஒரு சம்பளம், என் இடுப்பில் செருக ஒரு வீட்டுத் திறப்பு! அன்று முழுக்க நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

அக்காதான் சொன்னாள்.

"தனிய ஏன் போறாய்? எல்லாரும் போவம். வான்ரை பின் சீற்றுகளைக் கழட்டிப்போட்டு பாயை விரிச்சா அதுக்கையே படுக்கலாம். கரம்பொனிலை ஒரு ராத்திரி, குறிகட்டுவானிலை ஒரு ராத்திரி. பிள்ளையளும் வந்த நாளிலை இருந்து ஒரு இடமும் போகேல்லை. நீ அதிபர் சேரைப் பார், நாங்கள் நெடுந்தீவுக் குதிரையளைப் பாப்பம்."

எனக்கு அக்காவின் மேல் அப்படியொரு வாரப்பாடு வந்தது. என் காரியத்தை ஒரு கொண்டாட்டம் ஆக்குகிறாளே என்று.

பிறகு முற்றத்தில் பெரிய விவாதம். வானுக்கு மேலே எதைக் கட்டுவது? அத்தானுக்குத் தன் மொப்பெட்டைக் கொண்டுபோக வேண்டும்.

"அதை எப்பிடி மேலை ஏத்துவியள்? சரிச்சுக் கட்டினா பெற்றோல் ஒழுகிப் படுக்கையெல்லாம் நாறும். வள்ளக்காரரும் ஏத்தமாட்டினம்" என்றாள் அக்கா.

"அப்ப மாமாவின்ரை சைக்கிள்" என்று அத்தான் ஐயாவின் சைக்கிளைக் காட்டினார்.

"அது இரும்புக் கட்டில் மாதிரி. பாரும் வைச்சது. அதிலை நானோ இவளோ எப்பிடி ஏறி ஓடுறது?"

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? ஓடிப்போய் என் லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். முன்னுக்குக் கூடை இருக்கிறது, தண்ணீர்க் கான் வைக்கலாம்; பின்னுக்குக் கரியர் இருக்கிறது, ஒரு பிள்ளையை இருத்தலாம்; வள்ளத்தில் ஒரு ஆளே ஏற்றி இறக்கலாம்; வான் கூரைக்குப் பாரமே தெரியாது. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல என் சைக்கிளின் பெருமையெல்லாம் எடுத்துவிட்டேன். விசரி நான்! அக்கா என் முதுகில் தட்டி, "இதுதான் சரி" என்றாள். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் கயிறு எடுக்கப் போனார். தன் மொப்பெட் தோற்ற கோபம் என்று நான் நினைத்தேன்.

முதல் இரவு கரம்பொன் கரையில். உண்மையைச் சொல்ல வேண்டும், சந்தோசமாகத்தான் இருந்தது. சைக்கிளில் போய் நான்தான் கிணற்றுத் தண்ணீர் அள்ளி வந்தேன், பாண் வாங்கி வந்தேன், அத்தானுக்கு வெற்றிலை வாங்கி வந்தேன். அக்கா மண்ணெண்ணெய் அடுப்பில் மீன் குழம்பு வைத்தாள். கொழும்பை விட்டு வந்தபின் அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அடுத்த நாள் எங்கள் ஊர்ப் பக்கமே திரும்பி, நெடுந்தீவு வள்ளம் வெளிக்கிடும் குறிகட்டுவானுக்குப் போய், துறைப் பாலத்தடியில் பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் வானை நிறுத்தினோம். அன்றிரவு அவள் என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்தாள்.

"சேர் என்ன கேட்டாலும் பயப்பிடாதை. ஐயாவின்ரை பேரைச் சொல்லு, காணும்" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னாள்.

அந்தக் கையை நினைத்தால்தான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. இதைச் செய்யப் போகிறவள் எப்படி அப்படித் தலை கோதினாள்?

மூன்றாம் நாள் காலை அத்தான் வானுக்குக் காவலாக நின்றுவிட, அக்காவும் நானும் பிள்ளைகளும் சைக்கிளும் நெடுந்தீவு வள்ளத்தில் ஏறினோம். கடல் கொஞ்சம் குழப்படிதான். சின்னவன் என் மேலேயே சத்தி எடுத்துவிட்டான். இறங்கும்போது என் சீலை நனைந்து, தலை கலைந்து, நான் ஒரு கோலம்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் கோலத்திலை போய்ச் சேருக்கு முன்னாலை நிக்கப் போறியோ? நீ பிள்ளையளோடை நிழலிலை இருந்து சீலையைக் காயவிடு. நான் சைக்கிளிலை போய், சேர் நிக்கிறாரோ எண்டு பாத்துக்கொண்டு வாறன். பிறகு நீ போகலாம்."

ஒரு சைக்கிளில் ஒரு ஆள்தான் போகலாம். சரிதானே. நானே தெரிந்தெடுத்த வாகனம்.

இரண்டு மணித்தியாலம் ஒரு கல்மதிலின் நிழலில் இருந்தேன். பிள்ளைகள் குதிரை எங்கே, குதிரை எங்கே என்று என் உயிரை எடுத்தார்கள். சேர் கேட்டால் என்னென்ன சொல்வது என்று நான் வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தபோது அக்கா நடந்து வந்தாள். சைக்கிள் இல்லை.

"சேர் யாழ்ப்பாணம் போட்டாராம். இனி வாற கிழமைதானாம்" என்றாள், என் பின்னால் இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டு.

"சைக்கிள் எங்கை அக்கா?"

"ரியூப் வெடிச்சிட்டுது. கல்லு றோட்டுத்தானே. ஒரு வீட்டிலை ஒட்டக் குடுத்திட்டு வந்தனான். வாற முறை எடுப்பம்."

நம்பினேன். வேறு என்ன செய்வது? கூடப் பிறந்தவள். சேரைக் காணவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் கலங்குகிறாள் என்று நினைத்து, நான் அவளைத் தேற்றினேன். "பரவாயில்லை அக்கா, லீவு முடிய இன்னும் நாள் கிடக்குத்தானே" என்று. நான் அவளைத் தேற்றினேன், கேட்டீர்களா?

வள்ளம் வெளிக்கிடும் நேரத்துக்கு வெள்ளை வேட்டியோடு ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்குச் சாமான் அனுப்ப வந்தவர் போல. பெட்டியை வள்ளக்காரரிடம் கொடுத்துவிட்டு, அக்காவைக் கண்டு சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீர்தானே மாஸ்ரரின்ரை சின்ன மகள்? அப்பிடியே ஐயாவின்ரை முகம். கலியாணம் சரிவந்திட்டுதாம், அக்கா சொன்னவ. மெத்தச் சந்தோசம். நீர் வராட்டியும் அக்கா வாறா, எங்களுக்கு அது காணும். சைக்கிளுக்கு யோசியாதேயும், பள்ளிக்கூட விறாந்தையிலை கவனமாக் கிடக்கும். தவணை தொடங்க அக்கா வந்து எடுப்பாதானே."

யாழ்ப்பாணம் போய்விட்டதாக அக்கா சொன்ன அதே சேர்! அவர் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் உள்ளே போனது. எனக்குக் கலியாணமா? யாரோடு?

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, "இல்லை சேர், பொய். எனக்கு ஒருதரும் கலியாணம் பேசேல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் துறை நிறைய ஆட்கள். மூத்தவள் பொய்க்காரி என்று இளையவள் சபையில் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. சொன்னால் அன்று மாலைக்குள் தீவுப்பகுதி முழுக்கக் கதை போய்விடும்: மாஸ்ரரின் பெண்கள் துறையில் நின்று உத்தியோகத்துக்கு அடிபட்டார்கள் என்று. அதுவும் கலியாணம் இல்லை என்று ஒரு குமர்ப்பிள்ளை தன் வாயால் கத்துவதா? இதெல்லாம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். என் வாய் திறவாது என்று தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தெரிந்தெடுத்தாள்.

"ஓம் சேர்" என்றேன்.

வள்ளம் கொஞ்சத் தூரம் போனபிறகு கேட்டேன்.

"ஆரக்கா மாப்பிள்ளை?"

அவள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதாள். "எனக்கு வேறை வழி தெரியேல்லையடி. ரெண்டு பிள்ளையளோடை எத்தினை நாளைக்கு அம்மாவின்ரை குசினியிலை நிக்கிறது? நானும் கலியாணத்துக்கு முன்னம் படிப்பிச்சனான்தானே. அந்தக் குவாட்டர்ஸ் இருக்கெல்லே. நீ ஒருத்தி, உனக்கு எங்கையும் கிடைக்கும்."

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீ தந்திருப்பியோ?"

தந்திருப்பேனா? எனக்குத் தெரியாது. அறையைக் கேட்டபோது கொடுத்தேன். இதைக் கொடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. இல்லை என்று சொல்லவும் எனக்கு உரிமை இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் சைக்கிளும் விளங்கியது. மொப்பெட்டுக்கு நெடுந்தீவில் பெற்றோல் தேட வேண்டும், ஐயாவின் சைக்கிளில் அவளுக்கு ஓடத் தெரியாது. அங்கே போய் வேலை செய்யப் போகிறவளுக்கு என்னுடையதுதான் தோது. என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருந்தார்கள். அம்மிக்கு வசதியாக நான் குனிந்தும் கொடுத்திருந்தேன்.

குறிகட்டுவானில் அத்தான் வான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். சைக்கிள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. நான் வானில் ஏறவில்லை. றோட்டில் இறங்கி நடந்தேன்.

"ஏறடி, சனம் பாக்குது!" என்று அக்கா யன்னலால் கத்தினாள்.

"பாக்கட்டும்!"

மடத்துவெளி வரைக்கும் நடந்தேன். வான் என் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம்: ஐயா. சேர் ஐயாவிடம் படித்தவர். ஐயா நாளைக்கே வள்ளம் ஏறிப் போய், நடந்தது இதுதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் நேராகிவிடும். ஐயா அநியாயம் பொறுக்காதவர். அவரிடம் எதிலிருந்து தொடங்குவது, எதை எப்படிச் சொல்வது என்று வழி நெடுக அடுக்கிக்கொண்டு போனேன். செருப்பு அறுந்தது. அதையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஐயா வாசல் படலையடியில் நின்றார். புழுதியும் வியர்வையுமாக, கையில் செருப்போடு, அழுது வீங்கிய முகத்தோடு நான் வந்து நின்றேன். என்ன பிள்ளை நடந்தது என்று அவர் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்க முன்னம், தணிந்த குரலில் இதைத்தான் கேட்டார்.

"சைக்கிளைக் கவனமான இடத்திலைதானே விட்டனியள்?"

ஐயாவுக்கும் முதலே தெரிந்துதான் இருந்தது. அவர் படலைக் கம்பைத் தடவிக்கொண்டு, "அவளுக்கு ஒரு வீடு வேணும் பிள்ளை. உனக்கென்ன, உனக்கு நாங்கள் இருக்கிறம்தானே" என்றார்.

"ஆர் ஐயா இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

அவர் விலகி வழி விட்டார். பின்னால் வான் வந்து நிற்க, அத்தான் இறங்கிப் பாய்களைத் தட்டி மடிக்கத் தொடங்கினார்.