அவர் இல்லாத நாட்களின் குளிசை

நான்காவது பிள்ளை பிறந்தபோது எனக்குப் போன இரத்தத்தைப் பார்த்து ஆசுபத்திரி டொக்டரே பயந்துபோனார். "இன்னொண்டு உண்டானா உங்களக் காப்பாத்த ஏலாது" என்று என் கணவரையும் வைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சாகும் யோசனை எனக்குத் துளியும் இருக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனையில் கிளினிக்குக்குப் போனேன். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஓர் அட்டை குளிசை தந்தார். வெள்ளை மூன்று வரிசை, பழுப்பு ஒரு வரிசை. வெள்ளையில் இருக்கும் மருந்து கருமுட்டையை முதிர்ந்து வெளியே வரவிடாதாம். முட்டை வராவிட்டால் பிள்ளை ஏது? பழுப்பு வெறும் இரும்புச்சத்து. அதைப் போடும் ஏழு நாள் கிழமையில் மாதவிலக்கு வரும். நான் விடுவேனா? "அப்ப அந்தக் கிழமை காவல் இல்லையா மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

"வெள்ளைய ஒரு நாளும் தவறாமப் போட்டு, அடுத்த அட்டையையும் பிந்தாமத் தொடங்கினா அந்தக் கிழமையும் காவல்தான். மாசம் முழுக்கக் காவல்" என்றார். எனக்கு அது போதும். பகல் சோறு தின்ற கையோடு குளிசையும் போடுவது பழக்கமாயிற்று. கணவர் சரியென்றும் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் என்னைப் பார்த்து ஓர் அட்டை வாங்கி வந்தாள். அவளுடைய கணவர் வரிப்பத்தான்சேனைப் பக்கம் வெள்ளாமை செய்தவர். வயலில் போட்ட வாடிக் குடிசையிலேயே கிடப்பார். வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்து சனிக்கிழமை திரும்பிவிடுவார். அவர் இல்லாத நாளில் குளிசையை எதற்கு வீணாக்குவது என்று, தலையிடிக்குப் போடுவதுபோல அவர் வரும் நாட்களில் மட்டும் போட்டிருக்கிறாள். அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. குளிசை பொய் என்று ஊரெல்லாம் கதை.

கதை காதில் விழுந்ததும் என் கணவரின் உம்மா, என் மாமி, வந்தார். "பாத்தியா மகள், அல்லாஹ் தாறதக் குளிசையால மறிக்க ஏலுமா? அந்த ஹறாமான குளிசைய விட்டுட்டு அவன்ட காவல்ல இரி."

"எனக்கு டொக்டரத் தந்ததும் அல்லாஹ்தான் மாமி" என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அதுவரை வாய் திறக்காத என் கணவருக்கு அன்றுதான் வாய் வந்தது. "குளிசைய நிப்பாட்டு. இல்லாட்டி நான் உம்மாட ஊட்ட போறன்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். என் வாப்பா எனக்கென்று கட்டிய வீடு அது. "கதவு தொறந்துதான் இரிக்கி" என்றேன். இரண்டு சாரனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் குளிசையை நிறுத்தவில்லை. இன்று நிறுத்தி, நாளை அவர் வந்து நின்றால் எனக்கும் வேலிக்கு அந்தப் பக்கத்தவளின் கதிதானே? அவளாவது பிள்ளையைப் பெற்று எழும்பிவிடுவாள். நான் எழும்பமாட்டேன்.

அதுவும் மாமியின் காதுக்குப் போனது. சொந்தத்தில் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பகல் வந்து நின்றார். நான் அப்போதுதான் சோறு தின்று கை கழுவியிருந்தேன். அவர்கள் முன்னாலேயே குளிசையைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"புரிசன் இல்லாத ஊட்ட குளிசை ஆருக்கு?" என்று கேட்டார் மாமி.

அந்தக் கேள்வியின் அர்த்தம் அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. "எனக்குத்தான் மாமி. நான் உசிரோட இரிக்க" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர்கூட ஊற்றாமல் எழுந்து போனேன். அப்படி நடந்துகொண்டதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

மறுநாள் பகல் என் கணவர் வாசலில் வந்து நின்றார். "உம்மா அப்பிடிக் கேட்டது பிழைதான்" என்றார்.

"அது மட்டுமா பிழை?"

இவ்வளவு காலம் நெஞ்சுக்குள் கிடந்ததை நான் கொட்டிவிட்டேன். "நான் மவுத்தானா, நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிய முன்னம் உங்களுக்கு வேற ஊடு பாத்துத் தருவாங்க. என்ட புள்ளையளுக்கு வேற உம்மாவ ஆரு பாக்குற?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சோறு போட்டுக் கொடுத்தேன், நானும் தின்றேன். பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அன்றைய குளிசையைப் போட்டேன்.