ஸ்கூட்டருக்கு ஒரு பலகை

செஞ்சியில் காலை பத்தரை மணி. திண்டிவனம் பஸ்ஸுக்காக ஓர் அரசு அலுவலகத்தின் எதிரே வேப்பமர நிழலில் நிற்கிறேன். அலுவலகத்துக்கு நான்கு கருங்கல் படிகள். அவற்றின் கீழே, இரும்புச் சக்கரம் பூட்டிய தாழ்வான வண்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வயதிருக்கும். இரண்டு கால்களும் சூம்பியிருக்கின்றன. மேல்மலையனூர் கோயில் வாசலில் தேங்காய், கற்பூரக் கடை போட அனுமதி கேட்டிருக்கிறாள். அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதியாம். நாளை மறுநாள் அமாவாசை, கோயிலில் கூட்டம் அலைமோதும் நாள். அவள் இங்கே வருவது இது மூன்றாவது தடவை.

அதிகாரி ஸ்கூட்டரில் வருகிறார். பியூன் ஓடிவந்து படிகளின் மேல் நீளப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போடுகிறார். இருவருமாக ஸ்கூட்டரை வராந்தாவுக்குத் தள்ளி ஏற்றுகிறார்கள். அதிகாரி உள்ளே போகிறார். பியூன் பலகையை எடுத்துவிட்டு அவளிடம் சொல்கிறார்: "கைய ஊணி ஏறி வா. இன்னா இப்போ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அந்தப் பலகையை இவங்களுக்கும் போடுங்களேன்."

"அது ஸ்கூட்டருக்கு சார். வெயில்ல நின்னா பெயிண்ட் போயிடும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். குரலை உயர்த்தவில்லை. "ஸ்கூட்டருக்குப் படியேற முடியாதுன்னு இவங்களுக்குத் தெரியுது சார். எனக்கு முடியாதுன்னுதான் தெரிய மாட்டேங்குது."

படியேறிப் போய்ப் பலகையின் ஒரு முனையைப் பிடிக்கிறேன். மறுமுனையைப் பியூன் விடவில்லை. சாலையில் திண்டிவனம் பஸ் வந்து நிற்கிறது, ஹாரன் அடிக்கிறது, புறப்படுகிறது.

நானும் விடவில்லை.